பிக்கப் வண்டியின் பின் அச்சில் சத்தமா? கிரவுன் பினியனைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் தேங்காய், வாழைத்தார், தக்காளி, கத்திரிக்காய் என எந்த விளைச்சலும் சந்தைக்குப் போவது பெரும்பாலும் சிறிய பிக்கப் வண்டிகளில்தான். பொலிரோ பிக்கப், டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் என்று ஊருக்கு நாலைந்து வண்டியாவது நிற்கும். அறுவடை இல்லாத நாட்களில் இதே வண்டிகள் வாடகைக்கும் ஓடும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு உப்பிட்ட தோல் ஏற்றிப் போகும் வண்டிகளும் இதில் உண்டு.

இந்த மூன்று வண்டிகளுக்கும் பொதுவான ஒன்று, இழுவை பின் சக்கரத்தில் இருப்பது. இன்ஜினின் சக்தி நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டையான கூட்டுக்கு வருகிறது. அதற்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். அங்கிருந்து 'உய்ங்' என்றோ 'கரகர' என்றோ சத்தம் வந்தால், 'கிரவுன் பினியன் போச்சு, செட்டையே மாத்தணும்' என்ற பதில்தான் பல பட்டறைகளில் முதலில் கிடைக்கிறது. சில வண்டிகளுக்கு அது உண்மை. வேறு சிலவற்றில் டயர், வீல் பேரிங் அல்லது கிராஸ்தான் சத்தம் போடும். அப்படிப்பட்ட வண்டியில் நல்ல கிரவுன் பினியனைப் பிரித்தால், செலவுக்குச் செலவும் ஆகும், பிரித்துச் சரியாகப் பூட்டாததால் அதுவரை இல்லாத சத்தமும் புதிதாக வந்து சேரும்.

உள்ளே என்ன இருக்கிறது

மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்கிறது, இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றுகின்றன. அதனால் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் சுற்றினாலும் தொல்லை இல்லை. மோட்டார் வண்டியில் சக்கரத்தைச் சுற்றுவதே அச்சுதான். இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே கம்பியில் பூட்டிவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தேய்த்துக்கொண்டே வரும். இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி விடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருப்பது பினியன் என்ற சிறிய பல் சக்கரம். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரும்பாலான பிக்கப்களில் பினியன் 4 முதல் 5 சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். இந்தக் கணக்கு பிறகு உதவும். கிரவுனோடு பூட்டிய கூட்டுக்குள் ஸ்டார் பினியன், சன் கியர் என்ற சிறு பற்கள் உள்ளன. நேராகப் போகும்போது இவை தங்களுக்குள் சுற்றுவதில்லை, திருப்பத்தில்தான் சுற்றும். பினியனுக்கு இரண்டு பேரிங், கிரவுன் கூட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று, சக்கரத்தருகே வீல் பேரிங்குகள். சத்தம் போடக்கூடியவை இவ்வளவுதான்.

முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள்

ஊளையிடும் சத்தம் கேட்டதும் வண்டியைத் தேசிய நெடுஞ்சாலை 48-இன் நல்ல தார்ப் பகுதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே வேகத்தில் ஊருக்குள் உள்ள சிமென்ட் சாலையில் ஓட்டுங்கள். சாலை மாறியதும் சத்தத்தின் குரல் மாறினால் அது டயர். டிஃபரன்ஷியல் சத்தத்துக்குத் தாரும் சிமென்ட்டும் ஒன்றுதான். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாலும் தெரியும். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் இருந்தால் தேய்மானம் சமமாக இல்லை என்று பொருள். பின் டயர்களை முன்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் முன்னுக்கு வந்துவிட்டால் விசாரணை முடிந்தது.

அடுத்தது வீல் பேரிங். ஆள் நடமாட்டமில்லாத அகலமான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும். வலம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம். 20 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இறங்கி இரண்டு பின் ஹப்பிலும் கையைப் பட்டும் படாமல் வைத்துப் பாருங்கள். பாரத்தோடு மலை ஏறி வந்தால் எல்லாமே சுடும், அது கோளாறு அல்ல. ஒரு பக்கம் மட்டும் சுட்டால்தான் அந்தப் பக்கம் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

கிராஸ் என்று சொல்லும் யூனிவர்சல் ஜாயின்ட்டின் சத்தம் வேறு மாதிரி. முதல் கியர் போட்டு நகரும்போதும், ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் 'டக்' என்று ஒரு அடி. மெதுவாகப் போகும்போது எலி கத்துவது போலக் 'கீச் கீச்'. கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் தேய்ந்துவிட்டன. நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ரப்பர் தாங்கலோடு ஒரு சென்டர் பேரிங் தொங்கும். அது போனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டியின் தரையே அதிரும். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழிருந்து வருவது போலக் கேட்டால் சென்டர் பேரிங்கையும், பின்னால் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தால் ஹவுசிங்கையும் நினைக்கலாம். ஆனால் இரும்புத் தொட்டி சத்தத்தை ஏமாற்றும், காதை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தாலும் புறப்படும்போது 'டக்' என்று அடிக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் தீரும் இந்தச் சத்தத்துக்காகக் கூட ஹவுசிங்கை இறக்குவதுண்டு.

எப்போது சத்தம் வருகிறது என்பதே பாதி விடை

மேலே சொன்னவை எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு டிஃபரன்ஷியலுக்கு வரலாம். நேரான, போக்குவரத்து குறைந்த சாலையில் 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வாருங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து வண்டி இழுக்கும்போது ஒருமுறை, அதே வேகத்தில் சீராகப் போகும்போது ஒருமுறை, காலை முழுதாக எடுத்துவிட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவது போல வேகம் குறையும்போது ஒருமுறை என்று மூன்று நிலையிலும் கேளுங்கள். கடைசியாக நியூட்ரலில் விட்டுக் கேளுங்கள். சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகும். நியூட்ரல் சோதனையை இறக்கத்தில் செய்வதும் கூடாது.

இழுக்கும்போது மட்டும் 'ஊ...' என்று ஊளையிட்டு, கால் எடுத்ததும் அடங்கினால் கிரவுன், பினியன் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முகம் தேய்ந்திருக்கிறது அல்லது இடைவெளி மாறியிருக்கிறது. தலைகீழாக, இழுக்கும்போது அமைதியாக இருந்து கால் எடுத்ததும் ஊளையிட்டால், பல்லின் மறுமுகத்தில் தேய்மானம் அல்லது பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்துவிட்டது. இந்த இரண்டாவது வகையை ஆரம்பத்தில் பிடித்தால் பேரிங்கோடு போகும். தள்ளிப்போட்டால் பினியன் தன் இடத்திலிருந்து அசைந்து அசைந்து பற்களையும் தின்றுவிடும்.

மிதித்தாலும் விட்டாலும் நியூட்ரலில் போனாலும் ஒரே மாதிரி 'கரகர' என்று அரைத்துக்கொண்டே வந்தால் அது பேரிங். பினியன் பேரிங் சக்கரத்தைப் போல நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் சத்தம் குறைந்த வேகத்திலேயே உயர்ந்த குரலில் கேட்கும். கிரவுன் பக்க பேரிங்குகள் சக்கர வேகத்தில்தான் சுற்றும், அவை கனத்த குரலில் உருட்டும்.

நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, வயல் வரப்பிலோ சந்தை முனையிலோ வண்டியை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'கடகட' என்றால் ஸ்டார் பினியன், சன் கியர் அல்லது அவற்றின் வாஷர். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் கோளாறு ஒளிந்திருக்க முடியாது, ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடும்.

சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று அடித்தால் பல் உடைந்திருக்கக்கூடும். இங்கேதான் அந்தக் கணக்கு. 15 அங்குல ரிம் உள்ள பிக்கப்பின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மீட்டருக்குச் சற்று கூடுதலாக நகரும். 10 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று அதிகம். நொடிக்கு ஒன்று என்ற அளவில் அடி கேட்டால் கிரவுனில் ஒரு பல் போயிருக்கிறது (டயரில் குத்திய கல்லோ ஆணியோ கூட இதே கணக்கில் அடிக்கும், முதலில் அதைப் பாருங்கள்). எண்ண முடியாதபடி நொடிக்கு ஐந்தாறு அடி என்றால் பினியன் பல். பல் உடைந்த வண்டியைப் பாரம் ஏற்றி ஓட்டவே கூடாது. உடைந்த துண்டு இரண்டு பற்களுக்கு நடுவில் சிக்கினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் மலைச் சாலையில் தக்காளிப் பெட்டிகளோடு இறங்கும்போது அது நடந்தால் வண்டி யார் கையிலும் நிற்காது.

வீட்டு வாசலில் செய்யக்கூடிய சோதனை

சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். பின்புறம் அடியில் கைவிட்டு ஹவுசிங் அருகே புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும், பற்களுக்கு இடைவெளி இல்லாமல் ஓட முடியாது. திருகும்போது கிராஸின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் லூஸ் கிராஸில். கிராஸ் ஒன்றாகவே அசைந்து, உள்ளே போய் 'டொக்' என்று பெரிதாக அடித்தால் லூஸ் டிஃபரன்ஷியலில். பிறகு பினியன் முனையில் உள்ள ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இதில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் போயிருக்கிறது அல்லது அதன் நட் தளர்ந்திருக்கிறது.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். அச்சுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென்று நொறுங்கும். இரண்டு பின்சக்கரமும் ஸ்டாண்டில் இருக்க, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அது இயல்புதான், பயப்பட வேண்டாம். அப்படிச் சுற்றும்போது கையில் மணல் அரைவது போலவோ இடையிடையே சிக்குவது போலவோ தெரிந்தால் ஸ்டார் பினியன் பக்கம் கோளாறு.

ஆயில் பொய் சொல்லாது

என் கணக்கில் மற்ற எல்லாச் சோதனையையும் விட இதற்குத்தான் மதிப்பு அதிகம். ஹவுசிங்கின் பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் மூடி இருக்கும், அடியில் ஆயிலை இறக்கும் மூடி. முதலில் ஊற்றும் மூடியைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடி மூடியைத் தொட வேண்டும். துருப்பிடித்த மேல் மூடி கழறாமல் போய், ஆயிலையும் இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

சமதரையில் ஆயில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஆயில் எட்டவே இல்லை என்றால் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அடுத்து அது எங்கே போனது என்று தேட வேண்டும். பினியன் முனையில் கசிவு ஒரு வழி. சக்கரத்தின் உட்புறம் ஆயில் வழிந்த கறை தெரிந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. அந்த ஆயில் பிரேக் லைனிங்கில் ஏறினால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. சத்தத்தை விட அவசரமானது இது.

கொஞ்சம் ஆயிலை வெள்ளைத் தட்டில் எடுத்து வெயிலில் பாருங்கள். பால் காப்பி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தம் பதித்த மூடியில் கறுப்புக் களிம்பு போல நைசான இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் சில்லு, மீன் செதில் போன்ற தகடு, பல்லின் மூலை போன்ற துண்டு கிடைத்தால் இனி ஓட்டக்கூடாது, பிரித்தே ஆக வேண்டும்.

ஊற்றும் ஆயிலிலும் தவறு நடக்கிறது. இந்த வண்டிகளில் பொதுவாக இருப்பது ஹைபாய்டு வகைப் பற்கள். பினியன், கிரவுனின் நடு மையத்துக்குக் கீழே இறங்கி அமைந்திருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு நில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேய்த்துக்கொண்டே ஓடும். அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் உள்ள ஜி.எல்.-5 தரக் கியர் ஆயில் வேண்டும். கியர் ஆயிலில் வரும் அந்தக் கெட்ட நாற்றம் இந்தக் கந்தகத்தால்தான். கைவசம் இருக்கிறதே என்று மீதி இன்ஜின் ஆயிலையோ டிராக்டர் ஆயிலையோ ஊற்றினால் பல்லின் முகம் உரிந்துவிடும். 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140 என்பதில் எது என்று வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். சத்தம் குறைய வேண்டுமென்று கெட்டியான ஆயில் ஊற்றி விற்கப்படும் பழைய வண்டிகளும் உண்டு. வாங்கும்போது கவனம்.

உப்பும் ஆற்று நீரும்

பின் அச்சின் மேல்புறம் விரல் நுனி அளவில் ஒரு மூடி அல்லது சிறு குழாய் இருக்கும். அதுதான் பிரீதர், ஹவுசிங்கின் மூக்கு. ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லாமல் அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். புதுச் சீல் போட்டும் திரும்பத் திரும்பக் கசிகிறது என்பவர்கள் பிரீதரைப் பாருங்கள்.

உப்பிட்ட தோல் ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்புநீர் தொட்டியின் இடுக்கு வழியே நேராக அச்சின் மேல்தான் சொட்டும். பிரீதர், ஆயில் மூடிகள், யூ போல்ட், பிரேக் டிரம் எல்லாம் துருவேறும். தோல் லோடு இறக்கிய அன்றே தொட்டியையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஆனால் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை பிரீதர் மீதும் சீல் மீதும் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள்.

தண்ணீரில் இறங்குவதும் அப்படித்தான். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததைப் போன்ற வெள்ளம் எப்போதோதான் வரும் என்றாலும், மழைக்காலத்தில் தரைப்பாலங்களிலும் கானாறுகளிலும் அச்சு முங்க வண்டி இறங்குவது வழக்கமாக நடக்கிறது. அப்படி இறங்கினால் அந்த வாரமே மூடியைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். ஆயில் மாற்றும் செலவு, பேரிங் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

சேற்றில் ஒரு சக்கரம் சிக்கிச் சுழலும்போது ஆக்சிலேட்டரை விடாமல் மிதிப்பது டிஃபரன்ஷியலுக்கு மிகவும் கெடுதல். ஒரு சக்கரம் நின்று மறுசக்கரம் சுற்றினால், மீட்டர் 30 காட்டும்போது சுழலும் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எப்போதாவது மெதுவாகச் சுற்றுவதற்காகச் செய்த ஸ்டார் பினியன் அந்த வேகத்தில் ஆயில் எட்டாமல் தன் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன் மண்ணைக் கொத்தி, தென்னை மட்டையோ சாக்கோ போட்டு மெதுவாக எடுங்கள். பின்புறம் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர் என்று ஓட்டினாலும் சுற்றளவு வேறுபட்டு, நேர்ச் சாலையிலும் அந்தப் பற்கள் ஓயாமல் சுற்றித் தேயும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வண்டி வாரண்டியில் இருந்தால் வெளியே எங்கும் பிரிக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள். வாரண்டி முடிந்த வண்டியானால், பிரிக்கும் மெக்கானிக்கிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான், கம்பெனி சொல்லும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். அதைக் கைப்பழக்கத்தில் வைத்துப் பூட்டினால் பல நேரம் ஊளைதான் மிஞ்சும். பூட்டும் முன் பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டியதில்லை.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக ஓட்டிப் பொருத்தியவை. ஒன்று மட்டும் போயிற்று என்று ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. பேரிங்கையும் உள் வளையம், வெளி வளையம் இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். பினியன் நட்டுக்கு அடியில் நசுங்கும் வகை ஸ்லீவ் உள்ள வண்டியானால் அதுவும் புதிதாகப் போட வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். பேரிங்கின் உருளைகளில் குழி, நீலம் பாய்ந்த நிறம், உரிந்த தடம் தெரிய வேண்டும். பளபளவென்று நல்லதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கலாம்.

பழைய இரும்புக் கடையிலிருந்து முழு ஹவுசிங்காக வாங்கிப் போடுவது செலவு குறைவு என்பது உண்மை, பழைய வண்டிகளுக்கு அது நியாயமான வழியும்கூட. ஆனால் வாங்கும் முன் இரண்டிலும் கிரவுன் பல், பினியன் பல் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். 41-க்கு 10 என்றால் விகிதம் 4.1. விகிதம் மாறிய ஹவுசிங்கைப் போட்டால் ஒன்று மலையில் இழுவை குறையும், அல்லது நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறி டீசல் குடிக்கும்.